டீக்கடைக் குண்டானில் இரண்டு வால்வுகள்

செங்கல்பட்டில் மூன்று மாடி வீடு, நான்கு லாரி, இரண்டு ஒர்க்‌ஷாப். எல்லாம் மூன்றாம் வகுப்போடு நின்றவன் கையால் எழுந்தவை. ஒரு ஸ்பேனர்கூட யாரும் எனக்கு வாங்கிக் கொடுத்ததில்லை. இத்தனை இருந்தும், போன வாரம் பொத்தேரியில் என் பழைய கூட்டாளி யூசுப்பின் பேரன் திறந்த கார் பட்டறைக்குள் நுழைந்ததும் என் வயிறு எரிந்தது. சுவரில் யூசுப்பின் படம். கீழே, ‘டீசல் காருக்குச் சூடு வேண்டும் என்று இந்த வட்டாரத்தில் முதலில் கண்டவர்’ என்று தங்க எழுத்து. யாரோ ஒரு ரேடியேட்டர் மூடியைத் திருகினார்கள். அந்தத் துருவேறிய வெந்நீர் வாசனை என்னை ஐம்பதுகளின் கடைசிக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அப்போது எனக்கும் யூசுப்புக்கும் ஸ்டேஷன் வாசலில் ஆளுக்கொரு வாடகைக் கார். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றிய பழைய வண்டிகள். அதில் தெர்மாஸ்டாட் என்று சின்ன வால்வு ஒன்று உண்டு. எஞ்சின் சூடாகும்வரை மூடியிருக்கும். சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பும். இரண்டு வண்டியிலும் அது கெட்டுப்போக, மெட்ராஸ் போய் இரண்டு வாங்கி வந்தேன். வாங்கி வந்தவன் நான், கவனியுங்கள்.

இரண்டில் எது உசத்தி? டீக்கடைக் குண்டானில் தண்ணீர் ஊற்றி, இரண்டையும் கம்பியில் தொங்கவிட்டு, அடுப்பை மூட்டச் சொன்னேன். குதிரைப் பந்தயம் மாதிரி கூட்டம். ஒன்று ஆவி கிளம்பும்போதே வாயைத் திறந்தது. மற்றது கொதி வரப்போகிற வரைக்கும் இறுக மூடிக்கொண்டிருந்தது.

“மொதல்ல தொறந்தது என்னுது. சோம்பேறி உனக்கு, மச்சான்” என்றேன்.

யூசுப் அதைத் துண்டில் துடைத்து எடுத்துக்கொண்டான்.

தினமும் மாமல்லபுரம் போய்வரும் கட்டட காண்டிராக்டர் ஒருவர் இருந்தார். டீசல் அவர் செலவு. இருவர் வண்டியையும் ஓட்டிப் பார்த்து, குறைவாகக் குடிக்கும் வண்டிக்கே நிரந்தரச் சவாரி என்றார். திருக்கழுக்குன்றம் தாண்டிக் கடற்காற்று அடித்தால், என் வண்டியில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் கீழேயே படுத்துக்கிடக்கும். பின்னால் புகை. யூசுப்பின் முள்ளோ பாதிக்கு மேல் நின்றது. ரேடியேட்டர் வெடிக்கும் என்று காத்திருந்தேன், வெடிக்கவில்லை. டீசலும் என்னுடையதைவிடக் குறைவு. சீமெண்ணெய் கலக்கிறான் என்று ஸ்டேஷன் முழுக்கச் சொல்லி வைத்தேன். என் ரேடியேட்டருக்கு முன்னால் காற்றுப் படாமல் சாக்கைக் கட்டியும் பார்த்தேன்.

“இன்னாப்பா, உன் வண்டிக்குக் குளிர் ஜொரமா?” என்று காண்டிராக்டர் கேட்டார். டீக்கடையே சிரித்தது. நானும் சிரித்தேன் என்றால் நம்புவீர்களா?

சவாரி தனக்குக் கிடைத்த அன்று யூசுப்பே என்னிடம் வந்தான்.

“அண்ணாத்த, டீசலுக்கு சூடு வோணும். உன் வால்வு சீக்கிரமே தொறந்துக்குது, எஞ்சினு சூடே ஏறாம கீது. என்னுத கொஞ்ச நாள் போட்டுப் பாரேன்.”

“நான் தள்ளினத நானே திரும்ப வாங்கறதா? போடா” என்றேன்.

அந்த டீக்கடை இப்போது இல்லை. இரண்டு காரும் பழைய இரும்புக்குப் போயின. யூசுப்பும் போய்விட்டான். வயிற்றெரிச்சல் மட்டும் புதுசாகவே இருக்கிறது.

பேரனிடம் சொல்லிவிட்டேன். வாங்கி வந்தவன் நான். குண்டானில் போட்டுச் சோதித்தவன் நான். அந்த வால்வை உன் தாத்தா கையில் கொடுத்தவனும் நான். தங்க எழுத்துக்குக் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் வந்தேன். என் பெயரை எழுது.