எறும்பின் பெயரில் இரண்டு எழுத்து

நான் கண்டுபிடித்த எறும்புக்கு, நான் விட்டுவிட்டு வந்த மனுசனின் பெயரை வைத்திருக்கிறார்கள். சிரிக்கலாம். முதலில் கேட்ட என் தங்கையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தாள்.

ஜேர்மனியின் தெற்கே ஓர் அருங்காட்சியகத்தில், பூச்சிப் பிரிவில் எனக்கு வேலை. பட்டமெல்லாம் இல்லை, தொழிற்பயிற்சி முடித்த உதவியாளர். காய்ந்த எறும்பை முக்கோணமாக வெட்டிய அட்டையின் நுனியில் ஒரு பொட்டுப் பசையால் ஒட்டி, ஊசியில் ஏற்றி, கீழே சீட்டுக் குத்துவேன். எந்த ஊரில், எந்த மரத்தில் பிடித்தது என்பதெல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். பன்னிரண்டு வருடமாக இதுதான். புருசன் அந்தக் காலத்தில் சொந்தக்காரர் நடுவில் இருந்துகொண்டு, "இவ எறும்புக்கு மீசை எண்ணுறா. அதுக்கும் சம்பளம் குடுக்கிறாங்கள், விசர் வெள்ளையள்," என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்று சிரிப்பேன்.

மீசை எண்ணியதில்தான் அது அகப்பட்டது. மேற்கு ஆபிரிக்கக் காட்டிலிருந்து எப்போதோ வந்த ஒரு பெட்டி. எல்லாம் ஒரே இனம் என்று பழைய சீட்டுகள் சொல்லின. மரத்தூளை மென்று கிளையில் பந்துபோலக் கூடு கட்டுகிற, கோபம் வந்தால் பின்பக்கத்தை முதுகுக்கு மேலே தூக்குகிற எறும்பு. அந்த இனத்துக்கு முதுகில் இரண்டு நீள முள் இருக்க வேண்டும். ஒரு வரிசைக்கு மட்டும் முள் இல்லை, இரண்டு சின்னப் புடைப்புத்தான். அந்த வரிசையின் சீட்டில் 'பட்ட கொப்புக்குள்' என்று எழுதியிருந்தது. பந்துக்கூடு கட்டுகிற எறும்புக்குப் பட்ட கொப்பின் கோறைப் பொந்துக்குள் என்ன வேலை?

பிரிவின் தலைவரிடம் கொண்டுபோனேன். பெரிய கலாநிதி, கெட்ட மனுசன் அல்ல. "சின்ன எறும்புகளுக்கு முள் சின்னதாகத்தான் இருக்கும்," என்று தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு குளிர்காலம், மதிய இடைவேளை முழுக்க, தலை அகலம், முள் நீளம், மீசையின் கணு என்று ஒவ்வொரு எறும்பாக நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்து அளந்தேன். பெரிய எறும்புக்கும் முள் இல்லை. பெட்டியின் அடியில் கிடந்த கொப்பை மெல்லப் பிளந்து பார்த்தேன். உள்ளே இராணி இருந்தது. அதற்கும் இல்லை.

அளவுகளைக் கொண்டுபோய் அவருடைய மேசையில் வைத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "நீங்கள் சொன்னதுதான் சரி. இது புது இனம்," என்றார். அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அழுதேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

கட்டுரையை அவர் எழுதினார். எழுதியவர்கள் வரிசையில் என் பெயர் இல்லை. உதவியாளர்களைச் சேர்க்கிற வழக்கம் அங்கே இல்லையாம். வாய்திறந்து கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. "உங்களுக்கு வேறொன்று வைத்திருக்கிறேன். எறும்புக்கே உங்கள் பெயரைச் சூட்டப்போகிறேன்," என்றார். எனக்கு வேறென்ன வேண்டும்? ஒரே ஒரு பெயர், என்னுடையது, எங்காவது ஓரிடத்தில் அழியாமல் நின்றால் போதும் என்று இருந்தது.

அங்கேதான் பிழை விட்டேன். எந்தப் பெயர் என்று கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? கலியாணம் வரைக்கும் அப்பாவின் பெயர், அதற்குப் பிறகு புருசனின் பெயர். இந்த நாட்டுக்கு வந்தபோது படிவத்தில் குடும்பப் பெயர்க் கட்டம் இருந்தது, புருசனின் பெயரை எழுதினேன். பிரிந்தபிறகு மாற்றுவதென்றால் அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும். பாஸ்போர்ட், வங்கி, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் இழுபடும். சரி, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வேலைக் கந்தோரில் எல்லோரும் என்னைத் 'திருமதி' போட்டு அந்த ஆளின் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். நானும் பன்னிரண்டு வருடமாகத் திரும்பிப் பார்த்திருக்கிறேன். நாசமாய்ப் போன சோம்பல்!

கட்டுரை வெளிவந்த அன்று தலைவர் பூங்கொத்தோடு வந்தார். விரித்துப் பார்த்தேன். எறும்பின் பெயராக என் பழைய புருசனின் பெயர், அதன் வாலில் ae என்று இரண்டு எழுத்து. பெண்ணை நினைத்து வைத்த பெயரென்றால் இலத்தீனில் அப்படித்தான் முடிக்க வேண்டும். விசயத்தைச் சொல்லி, மாற்றலாமா என்று கேட்டேன். "அச்சில் வந்தபின் மாற்ற விதியில் இடமில்லையே," என்றார். அவருடைய முகம் செத்துப்போனது, பாவம். பெயருக்குச் சாட்சியாக வைக்கிற எறும்புக்குச் சிவப்புச் சீட்டுக் குத்த வேண்டும். அதை எழுதுவது என் வேலை. எழுதினேன். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். ஊர்ந்தது நான், கல்லில் பெயர் அந்த ஆளுக்கு.

செய்தி எசன் நகரத்துக்குப் போய்விட்டது. அந்த ஆள் இப்போது அங்கேதான். மகள் சொல்லியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"இஞ்சேரும், என்ர பேரில எறும்பு விட்டிருக்கிறீராம். கோயிலில எல்லாரும் கதைக்கினம். மெத்தப் பெரிய உபகாரம்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ஒண்டு மட்டும். கடைசியில ரெண்டு எழுத்துப் பிழையாப் போட்டிருக்கிறாங்கள், பொம்பிளைப் பேர் மாதிரிக் கிடக்கு. அதை எடுக்கச் சொல்லுமன்."

அந்த இரண்டு எழுத்துத்தான் நான். மிஞ்சியது அவ்வளவுதான்.

"ஏலாது," என்றேன்.