தோராயமாகத் தொண்ணூறு

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு பள்ளிக்கூடமாம், அதிலே ஒரே ஒரு தற்காலிக வாத்தியாராம். ஊர் பூதலூர்ப் பக்கம், வாத்தியார் நான்தான். சக தற்காலிகங்களே, நம் தொழிலில் பிள்ளைகளுக்கு வைக்கிற பரீட்சை எல்லாம் நமக்கு வைக்கிறதுதான். சேர்ந்த அன்றே தலைமையாசிரியை சொல்லிவிட்டார்: பொங்கலுக்கு முன் அதிகாரி வருவார், மூன்றாம் வகுப்புக்குக் கூட்டல் வந்திருந்தால் ஏப்ரல் வரை வேலை, இல்லாவிட்டால் ஜனவரியோடு சரி.

ஐந்நூற்றுப் பதினான்கு

முப்பத்தெட்டும் இருபத்தாறும் எவ்வளவு என்றேன். பாதிப் பேர் 514 என்று எழுதியிருந்தார்கள். மூன்றும் இரண்டும் ஐந்து, எட்டும் ஆறும் பதினான்கு. அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார்கள்.

"முப்பத்தெட்டை நாற்பதுன்னு வச்சுக்குவோம், இருபத்தாறை முப்பதுன்னு. எழுபது கிட்டதானே வரணும்? ஐந்நூறு எப்படி வரும்?" என்றேன். யாழினி மெதுவாக எழுந்தாள்.

"இல்லாத ரெண்டைச் சேர்த்துச் சொன்னா பொய் இல்லையா சார்?"

எல்லாம் சரி

ஒரு மாதம் கழித்து நோட்டைப் பார்த்தால் தோராயமும் விடையும் அச்சு அசலாக ஒத்துப்போயின. சந்தோஷம் ஒரு பக்கம்கூடத் தாங்கவில்லை. 46-ஐயும் 47-ஐயும் ஐம்பது ஐம்பதாக்கிக் கூட்டினால் தோராயம் நூறு வரவேண்டும். முக்கால்வாசிப் பேர் தொண்ணூறு போட்டிருந்தார்கள். முதலில் கூட்டி 93 கண்டுபிடித்து, அதைத்தான் தொண்ணூறு ஆக்கியிருக்கிறார்கள். சக்திவேல் நோட்டில் அதே கணக்குக்கு விடை 813, தோராயம் 810.

ஏண்டா இப்படி என்றேன். என்னைப் பாவமாகப் பார்த்தான்.

"விடை வந்தாத்தானே சார் தோராயம் சொல்ல முடியும்?"

யாழினியின் அம்மா

வீட்டிலும் பழக்கட்டும் என்று, நடவு முடித்துச் சேற்றுக் காலோடு வந்த யாழினியின் அம்மாவை வாசலில் நிறுத்தினேன். "சுமாரா எவ்வளவுன்னு அப்பப்ப கேளுங்கம்மா" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"ஆத்துல தண்ணி சுமாரா எப்ப வரும், நெல்லைச் சுமாரா எப்ப கொள்முதல் பண்ணுவாங்கன்னு கேட்டே எங்க காலம் போச்சு சார். அவளுக்காவது சரியாச் சொல்லிக் குடுங்க."

இரண்டு பட்டன்

அதிகாரி வந்தார். ஐந்து பேரைக் கேட்பார். மூன்று பேராவது சொல்லவேண்டும். நாலு பேர் முடிந்தபோது இரண்டு சரி, இரண்டு தப்பு. கடைசியாக யாழினி. ஐம்பத்தேழும் இருபத்தெட்டும்.

"அறுபது, முப்பது... தொண்ணூறு கிட்ட சார். கொஞ்சம் கீழ வரும்" என்றாள். மற்றவர்கள் யாரும் செய்யாததை, நான் சொல்லிக்கொடுத்தபடியே, முதலில் செய்தாள். விரல் மடித்துக் கூட்டத் தொடங்குவதற்குள் அதிகாரி கைப்பேசியில் தப்பு என்று அழுத்திவிட்டார். கூட்டி முடிக்கட்டுமே சார் என்றேன்.

"இதுல சரி, தப்பு ரெண்டு பட்டன்தான் தம்பி இருக்கு."

மாலையில் தலைமையாசிரியை, மாசக் கடைசி வரை வாங்க என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். பிள்ளைகளும் போய்விட்டார்கள். யாழினி மட்டும் நோட்டை நீட்டினாள்: 85.

"இப்பச் சரியா சார்? அவர்கிட்ட சொல்லிடுறீங்களா?"

தலையாட்டினேன், அவளும் பையை மாட்டிக்கொண்டு வாய்க்கால் கரையோடு நடந்து போனாள்.

தோராயமாக ஏப்ரல் என்று நான் போட்டு வைத்திருந்த கணக்குக்கு, சரியான விடை ஜனவரி.