பிரஷர் பாருங்கோ, டொக்டர்

தொண்ணூறுகளில், ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சன் நகரில் நாங்கள் இருந்த கட்டடத்தின் மேல்மாடியில் கானா நாட்டுப் பெண் ஒருத்தி குடியிருந்தாள். இரண்டு பேரும் ஒரே அலுவலகத்தைத் துப்புரவாக்கப் போவோம். தமிழ்க் கடையில் கேட்டுப் பழகியதோ என்னவோ, என்னை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவாள். மற்றதெல்லாம் அரைகுறை ஜெர்மன். ஆனாலும் இன்று நினைக்கும்போது, அவள் குரல் என் ஊர்ப் பேச்சிலேயே கேட்கிறது.

அவள் கர்ப்பமானாள். ஏழாம் மாதத்தில் அவள் கால்கள் வீங்கிவிட்டன. தலையிடி, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் அவளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“ஆப்பிரிக்கப் பெண்களுக்கு உடம்பு உறுதி, சத்தம்தான் அதிகம். வீட்டுக்குப் போய்ப் படுங்கள்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்ற தாதியும் சிரித்தாள்.

அந்தக் கிழமையே அவள் மாடிப்படியில் வலிப்பு வந்து விழுந்தாள். அவள் பிழைத்தாள். ஆண் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. அதே டொக்டர் கட்டிலடியில் வந்து நின்று, “ஏன் முதலே வரவில்லை?” என்று கேட்டார். அவள் கண் வெட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

வீடு திரும்பிய பிறகு ஒருநாள் அவள் குசினியில் சமைத்துக்கொண்டு இருந்தோம்.

“அக்கா, அந்தாளை நான் சும்மா விடமாட்டன்.”

“என்ன செய்யப்போறாய்?”

“என்னைப் பாக்காத கண் இனி ஒவ்வொரு கிழமையும் என்னைப் பாக்கவேணும்.”

அவளுடைய தேவாலயத்துப் பெண்களைச் சேர்த்தாள். கர்ப்பமான கறுப்பினப் பெண் யாராக இருந்தாலும் டெர்மினுக்கு, டொக்டர் குறித்துத் தந்த நாளுக்கு, தனியாகப் போகக்கூடாது, இரண்டு பேராவது கூடப் போகவேண்டும். ஜெர்மன் நன்றாகத் தெரிந்த எரித்திரியப் பெண் ஒருத்தி, என்ன கேட்கவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தாள். பிள்ளை பெற்றவர்களுக்கு நான் மிளகும் மஞ்சளும் அரைத்துப் பத்தியச் சரக்குக்கறி காய்ச்சிக் கொண்டுபோனேன். உறைப்புக் காணாது என்று கானாக்காரிகள் குறை சொன்னார்கள்.

“உமக்கேன் இந்தத் தேவையில்லாத வேலை? எங்கட விசாவே இன்னும் சரிவரேல்லை” என்றார் என் கணவர்.

“அவளோட வாறன் எண்டு சொல்லிப்போட்டன். இனி விட்டுட்டு நிக்க ஏலாது” என்றேன்.

பிறகு ஒருநாள் கொங்கோவிலிருந்து வந்த இளம்பெண் ஒருத்தியோடு போனோம். அதே தலையிடி, அதே வீக்கம். அதே டொக்டர் அவளையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். என் சிநேகிதி கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

“பிரஷர் பாருங்கோ, டொக்டர். சலமும் எடுத்துச் சோதியுங்கோ. பாக்காமல் நாங்கள் போகமாட்டம்.”

“வெளியே போங்கள், ஆட்களைக் கூப்பிடுவேன்.”

“கூப்பிடுங்கோ. என்ர பிள்ளை ஏன் செத்தது எண்டு அவையளுக்கும் சொல்லுறன்.”

அவர் பிரஷர் பார்த்தார். பார்த்தவுடன் முகம் வெளிறிவிட்டது. டெலிபோனை எடுத்து இலக்கத்தைப் பிழையாக அழுத்தி, திரும்ப அழுத்தினார். அந்தப் பதற்றம் எனக்கு இனித்தது. கொங்கோப் பெண்ணை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். பெண் குழந்தை, மிகச் சிறியது. தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

அடுத்த நாள் நடைபாதையில் அவர் என் சிநேகிதியிடம் கை நீட்டினார்.

“நீங்கள் வந்தது நல்லதாயிற்று.”

அவள் கையைக் கொடுக்கவில்லை.

“போன முறையும் வந்தனான். ‘முதலே வந்தாள், நான்தான் பாக்கேல்லை’ எண்டு சொல்லுங்கோ.”

வார்டு வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் எல்லோருமாக ஆஸ்பத்திரித் தலைமையிடம் போனோம். தலைமை டொக்டர் அவரைக் கூப்பிட்டு, எங்களுக்கு முன்னாலேயே கேட்டார். அவள் கேட்ட அதே வசனத்தை அங்கே சொன்னார், தலை குனிந்தபடி, மெதுவாக.

“கேக்கேல்லை” என்றாள் அவள். திரும்பவும் சொல்ல வைத்தாள்.

சில மாதங்களில் அவர் பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரிக்கு மாறிப்போனார். அதோடு விட்டது என்று நான் நினைத்தேன். அவள் அந்த ஊரில் கர்ப்பமாயிருந்த பெண்ணொருத்தியைத் தேடிப் பிடித்துவிட்டாள். மூன்று பேரும் பஸ்ஸில் அவருடைய புது ஆஸ்பத்திரிக்குப் போனோம். அறைக்கதவைத் திறந்த அதே டொக்டர், வெளியே வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்த எங்களைக் கண்டார்.

“குட்டன் மோர்கன்” என்று காலை வணக்கம் சொன்னாள் அவள், பல் தெரியச் சிரித்து.