கண்ணாடிக் கடையில் ஒரு நாவல்

பவர் அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. கண்ணாடிக் கடைக்கு வேலைக்கு வந்து இருபத்தெட்டு வருஷமாகிறது. கண் சோதிப்பது, வில்லை தேய்ப்பது, பிரேமில் பொருத்துவது, வருகிறவரின் மூக்கைப் பார்த்தே எந்த பிரேம் நிற்காது என்று சொல்லிவிடுவது எல்லாம் அவள்தான். முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருப்பார். அவருடைய அப்பா காலத்தில் சேர்ந்தவள் என்பதால் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். கோபம் வந்தால் மட்டும் முதலாளி. மேஜைமேல் ஒரு நாவல் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து அவர் அடிக்கடி முதலாளி ஆகிக்கொண்டிருந்தார்.

அக்காவுக்குப் பதிமூன்று வயதில் அம்மா போய்விட்டாள். அன்றைக்கே சித்தப்பா அவள் தலையில் கைவைத்து, "இனிமே இந்த வீட்டுக்கு நீதான் பெரியவ. நீ அழுதா தம்பிங்க ரெண்டு பேரும் என்ன பண்ணுவாங்க?" என்றார். நல்ல மனுஷர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். வேறு யாராவது சொல்லியிருந்தால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருப்பாள். அவர் சொன்னதால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பள்ளிக்கூடம் அத்தோடு சரி. தம்பிகள் படித்து, வேலைக்குப் போய், குடும்பஸ்தர்களும் ஆகிவிட்டார்கள். சித்தப்பா மேல் அவளுக்கு இருக்கும் ஆத்திரம் மட்டும் இன்றுவரை ஆறவில்லை.

பெரிய தம்பிக்கு ஒரு மகள். பெயர் சொன்னால் திரும்பாது, வாயாடி என்றால் உடனே திரும்பும். பள்ளிக்கூட நூலகத்திலிருந்து இளவயதுப் பிள்ளைகளுக்கான நாவல்களாகக் கொண்டுவரும். எல்லாவற்றிலும் யாராவது செத்துப்போவார்கள், ஒரு பெண்ணோ பையனோ அதில் அடிபட்டு வளருவார்கள். படித்து முடித்தபின் ஐந்துக்கு எத்தனை மார்க் என்று வகுப்பில் சொல்ல வேண்டுமாம். வாயாடி அத்தை வீட்டில் விட்டுவிட்டுப்போன ஒன்றை அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தாள். சோறு வடிக்க மறந்து குழைய விட்டாள். அதன்பிறகு அவளை நிறுத்த முடியவில்லை.

"அத்தை, அது எங்க வயசுக்கு எழுதினது. நீங்க ஏன் படிக்கறீங்க?"

"உங்க வயசு எனக்கு வரவே இல்லடி. இப்பதான் வருது."

ஆனால் படித்ததையெல்லாம் பாராட்டுகிற ஆள் இல்லை அவள். ஒரு நாவலில் அக்காவைப் பறிகொடுத்த பையன் கடைசி அத்தியாயத்தில் மரம் நட்டுவிட்டுச் சிரிக்கிறான். "மரம் நட்டா சரியாயிடுமா? நாளைக்கு அதுக்குத் தண்ணி யார் ஊத்தறது?" என்று கேட்டு ஒரு மார்க் கொடுத்தாள். இன்னொன்றில் அம்மா இல்லாத பெண் அப்பாவின் புது மனைவியை ரயில் நிலையத்தில் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள். அதற்கு அந்த ஒரு மார்க்கும் இல்லை. எழுதுகிறவர்களுக்கு அப்படி என்ன அவசரம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவர்களைப் புதைத்த கையோடு பிள்ளைகளைத் திருத்திவிடப் பார்க்கிறார்கள்.

ஒரே ஒரு நாவல்தான் அவளிடம் தப்பியது. பச்சை அட்டை போட்டது. அதில் அம்மாவை இழந்த பெண்ணிடம், வருகிறவர்களெல்லாம் தைரியமாக இரு என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் வாசலில் விட்டிருந்த செருப்புகளை அவள் அள்ளிக்கொண்டு மாடிக்குப் போய், ஒவ்வொன்றாகத் தெருவில் எறிகிறாள். நாவல் முடிகிறவரை ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. வாயாடி அதற்கு இரண்டு மார்க் போட்டிருந்தது.

"ஒரு மெசேஜும் இல்ல அத்தை. அவ திருந்தவே இல்ல."

"அவ என்ன தப்பு பண்ணினா, திருந்தறதுக்கு?"

அக்கா ஐந்துக்கு ஏழு கொடுத்துவிட்டு, தனக்கென்று ஒரு பிரதி வாங்கிக்கொண்டாள்.

கடையில் கிட்டத்து எழுத்தைப் படிக்கவைத்துச் சோதிக்கும் அட்டை மஞ்சளடித்துப் போயிருந்தது. புதிது வாங்கித் தருகிறேன் என்று முதலாளி சொல்லிச் சொல்லியே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டார். அக்கா பச்சை அட்டை நாவலைக் கொண்டுவந்து, செருப்பு எறிகிற பக்கத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். நாற்பது தாண்டிய யார் வந்தாலும் சோதனை பிரேமை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தைத்தான் படிக்க வேண்டும். ஒரே பக்கம் படித்தவர்களெல்லாம் முழு நாவலுக்கும் கருத்துச் சொன்னார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், இரண்டு அறை விட்டால் அந்தப் பெண் சரியாகிவிடுவாள் என்றார். தையல்கார அம்மா, "இதையெல்லாமா பிள்ளைங்களுக்குக் குடுக்கறாங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். வங்கிக்காரர் ஒருவர் செருப்பெல்லாம் திரும்பக் கிடைத்ததா என்பதிலேயே குறியாக இருந்தார். அக்கா எல்லோரோடும் மல்லுக்கு நின்றாள். ஒரு கண்ணாடிக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

அப்போதுதான், போன வாரம் அந்தப் பக்கத்தைப் படித்துக் கண்ணாடி வாங்கிப்போன டயர் கடைக்காரர் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தார். பெரிய மீசை, பெரிய குரல். "பில்லைப் படிக்கணும்னா மூக்குல ஒட்டி வெச்சாதான் தெரியுது. தலைவலி உயிர் போகுது."

முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். பழைய மஞ்சள் அட்டையைத் தேடி எடுத்து, இதை வைத்துச் சோதிக்கச் சொன்னார். அக்கா சோதித்தாள். பவரைக் குறைத்ததும் கடைசி வரிவரை மனுஷர் கடகடவென்று படித்தார்.

"இப்ப இவ்வளவு தெளிவா படிக்கறார். அன்னிக்கு எதுக்கு இவ்வளவு ஜாஸ்தி போட்டீங்க?" என்று கேட்டார் முதலாளி.

அக்காவுக்கு அன்றைய தினம் நினைவுக்கு வந்தது. அந்தப் பக்கத்தின் நடுவில் அவர் நிறுத்தி, எழுத்து மங்குது என்றார். அவள் பெட்டியின் பக்கம் திரும்பி அடுத்த வில்லையை எடுத்துப் போட்டாள். இப்போது தெரிகிறது என்றார். வில்லையால் தெரியவில்லை. அவள் திரும்பிய நேரத்தில் அவர் கண்ணைத் துடைத்திருக்கிறார். எத்தனை வருஷ அனுபவம், கண்ணீரைப் போய்ப் பவர் குறை என்று நினைத்துவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. டயர் கடைக்காரர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், சொல்லிவிடாதே என்கிற மாதிரி.

"என் தப்புதான். வேற வில்லை இப்பவே தேய்ச்சுத் தரேன்."

"உங்க தப்பு இல்லக்கா. அந்தப் புத்தகம் பண்ற வேலை. இங்க வியாபாரம் நடக்கணுமா, பட்டிமன்றம் நடக்கணுமா? எடுத்து உள்ள வைங்க. நாளைக்கும் அது மேஜைல இருந்தா நீங்க வர வேண்டாம்."

இந்த வயதில் புதிதாக ஒரு கடை ஏறி யாரிடம் வேலை கேட்பது? இந்த மேஜையை விட்டால் அவளுக்கு வேறு இடம் தெரியாது. உள்ளே வைத்துவிடலாம் என்று கைகூட நாவல் பக்கம் போனது. அதே கைதான் பதிமூன்று வயதில் கண்ணைத் துடைத்துக்கொண்டது என்ற நினைப்பு வந்ததும், எடுத்த நாவலை அதே பக்கத்தில் பிரித்து மறுபடி வைத்தாள்.

"வரல முதலாளி. இவர் கண்ணாடிய முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன். புத்தகம் இங்கயே இருக்கும். அதை எடுக்கணும்னா நீங்களே எடுங்க, என் கையால எடுக்க மாட்டேன்."

முதலாளி எடுக்கவில்லை. டயர் கடைக்காரர்தான் குனிந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

"கடைசில இந்தப் பொண்ணு மன்னிப்புக் கேக்குதாம்மா?"

"கேக்கல."

"ஒருத்தர்கிட்டயும்?"

"ஒருத்தர்கிட்டயும் கேக்கல."

"நல்லது." மீசையை ஒருமுறை தடவிக்கொண்டு முதலாளியிடம் திரும்பினார். "அந்தம்மா மேல தப்பு இல்ல சார். அன்னிக்கு எனக்குக் கண்ணு மங்கல, அழுதுட்டேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு. எங்கப்பா போனப்ப எனக்குப் பத்து வயசு. ஆம்பளப் பையன் அழக் கூடாதுன்னு மாமா என் வாயைப் பொத்திட்டார். அப்ப செருப்பை எறியணும்னு எனக்குத் தோணாம போச்சே."

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, சோதனை பிரேமோடு நாவலைக் கையில் எடுத்தார். விட்ட வரியிலிருந்து தொடங்கினார். இந்த முறை யாருக்கும் தெரியாமல் துடைக்கவில்லை. தோள் குலுங்க அழுதுகொண்டே படித்தார். வாசலில் இரண்டு பேர் வந்து நின்று, உள்ளே வரலாமா வேண்டாமா என்று தயங்கினார்கள். முதலாளிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அக்கா, கஸ்டமர் வந்து நிக்கறாங்க. அவர்கிட்ட தண்ணி குடுத்து சமாதானம் பண்ணுங்க. ஒரு பெரிய மனுஷன் இப்படி உட்காந்திருந்தா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

அக்கா வில்லை தேய்த்துக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தினாள். வில்லைத்தூள் படிந்த கையோடு வந்து அவருடைய நாற்காலிக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"நாளைக்கு நான் வரணுமா வேண்டாமான்னு அப்புறம் பேசிக்கலாம். எங்கம்மா போன அன்னிக்கு எனக்கு யாரும் அஞ்சு நிமிஷம்கூடக் குடுக்கல. இவரை அழ விடுங்க."