வியாகுல மாதாவுக்கு இஸ்திரி போட்டவள்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத ஒரு நீளமான அறையில்தான் அவள் வாழ்க்கையின் பெரும்பகுதி கழிந்தது. அதுதான் சலவைப் பிரிவு. துவைத்து உலர்ந்த படுக்கை விரிப்புகள் தள்ளுவண்டியில் குவியல் குவியலாக வரும். உதறி, நீவி, நீராவி இஸ்திரிக்குக் கொடுத்து, மடித்து அடுக்க வேண்டும். அடுக்கி நிமிர்வதற்குள் அடுத்த வண்டி வந்து நிற்கும். எல்லோருக்கும் அவள் இஸ்திரி அக்கா. டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். "உசுர மேல இருக்கறவங்க பாத்துக்கட்டும், சுருக்கத்த நான் பாத்துக்கறேன்" என்பாள். அவள் இருந்த இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

புருஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டான். மூத்தவள் கல்யாணமாகி நாலு தெரு தள்ளிக் குடியிருந்தாள். வீட்டில் மிச்சம் அவளும் மகனும்தான்.

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் நேராகக் கோயிலுக்குப் போய்விடுவாள். பீடத்துணிகளைத் துவைத்து இஸ்திரி போடும் பொறுப்பை அவளே கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். அதைவிட அவளுக்குப் பிடித்தது பக்கப் பீடத்தில் நின்ற வியாகுல மாதா சுரூபம். நெஞ்சில் வாள்கள் பாய்ந்த மாதா. சிலுவையடியில் நின்றவளின் முகம். அந்தச் சுரூபத்துக்குக் கருநீல வெல்வெட்டில் ஒரு மேலங்கி உண்டு. வெல்வெட்டின்மேல் நேரே இஸ்திரியை வைத்தால் துணி வழுக்கை விழுந்த மாதிரி ஆகிவிடும். உள்பக்கமாகத் திருப்பி, தொடாமல் ஆவியை மட்டும் காட்ட வேண்டும். தூங்கும் பிள்ளைக்குப் போர்த்துவதுபோல அதைப் பதமாகப் போர்த்திவிட்டு, நாலடி பின்னால் வந்து நின்று பார்ப்பாள்.

அவளுக்குத் துணையாக மருந்துக்கடைக்காரி வருவாள். கோயிலுக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருந்தவள், இவளைவிடக் கொஞ்சம் இளையவள். பூச்சாடிகள் அவள் பொறுப்பு. அவளுக்கு ஒரே மகள். படிப்பை முடித்துவிட்டு அப்போதுதான் அம்மாவோடு கடையில் நிற்கத் தொடங்கியிருந்தாள்.

"ஏன்க்கா, மாதா பாவமே இல்லாம பொறந்தவங்கன்னு சொல்றாங்க. அப்படிப்பட்டவங்களுக்கு நம்ம பாடு எப்படிப் புரியும்?" என்று ஒருநாள் மருந்துக்கடைக்காரி கேட்டாள்.

"அவங்களுக்குத்தாம்மா வலி முழுசாத் தெரியும். நமக்குப் பாதி உசுரு நம்ம தப்ப மூடி மறைக்கறதுலயே போயிடுது."

"நீங்க பிரசங்கத்துக்கே போகலாம்க்கா."

"போவேன். ஃபாதரோட அங்கில இருக்கற காபிக் கறைய யாரு எடுக்கறது?"

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சிரிப்புக்கு அடியில் அவளுக்கு ஒரு முள் இருந்தது. மகன் குடித்தான். ஒரு மரச்சாமான் கடைக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். முதலில் சம்பளத்தன்று, பிறகு வாரக் கடைசியில், பிறகு நாள் கிழமை பார்க்காமல். வேதாகமத்தில் வரும் கல்யாண வீட்டில் திராட்சை ரசம் தீர்ந்துபோனதை மாதா தன் மகனிடம் சொன்னதும் அவர் அதைக் கேட்டு நடந்ததும் அவளுக்கு மனப்பாடம். அம்மா சொன்னால் மகன் தட்டமாட்டார். அவள் பக்தி முழுக்க அந்த ஒரு நம்பிக்கையின்மேல்தான் நின்றது. மேலங்கியின் கொக்கியை மாட்டும்போது மெல்லச் சொல்வாள்: "அங்க தீந்துபோச்சுன்னு சொன்னீங்க. எங்க வீட்டுல தீரவே மாட்டேங்குதும்மா. அதையும் ஒரு வார்த்த சொல்லுங்க."

வருஷக்கணக்கில் அதையே சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் மத்தியானம் எழுந்து சமையலறைக்கு வந்தான். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போதே அலமாரிக்குப் பின்னாலிருந்து பாட்டிலை எடுத்து, தண்ணீர்கூடக் கலக்காமல் குடித்தான். மறைக்கும் வெட்கமெல்லாம் எப்போதோ போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் முதலாளியிடமிருந்து போன் வந்தது. அவசரமாக ஒரு கட்டிலைக் கொண்டுபோய் இறக்க வேண்டுமாம். அதற்குள் அவள் வேன் சாவியை எடுத்துத் தன் ரவிக்கைக்குள் செருகியிருந்தாள்.

"சாவிய குடும்மா."

"இந்த நெலமையில போகாதடா. உடம்பு சரியில்லன்னு சொல்லு."

"இதோட போனா வேலையே போயிடும். அப்புறம் வீட்டுலயே உக்காந்து குடிக்கறேன், பரவால்லியா?"

சத்தம் ஏறியது. நாற்காலி ஒன்று சுவரில் போய் மோதியது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும் ஓசை கேட்டது. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இதற்கு முன்பும் குடித்துவிட்டு ஓட்டியிருக்கிறான், பத்திரமாகத்தான் திரும்பியிருக்கிறான். மாதா பாத்துக்குவாங்க என்று நினைத்தாள். சாவியை எடுத்துக் கொடுத்தாள். வாசல்வரை போய் அவன் முதுகுக்குப் பின்னால் காற்றில் சிலுவை அடையாளமும் வரைந்தாள்.

ரொட்டிக் கடைக்கு முன்னால் வேன் நடைபாதைமேல் ஏறியது. ரொட்டிப் பொட்டலத்தோடு வெளியே வந்த மருந்துக்கடைக்காரியின் மகள் அங்கேயே போய்விட்டாள். அவன் இறங்கிப் பார்த்தான், ஓடிவிட்டான். இரண்டு நாள் கழித்து ஒரு கூட்டாளியின் வீட்டில் போலீஸ் அவனைப் பிடித்தபோது ரத்தத்தில் சோதித்துப் பார்க்க எதுவும் மிச்சமில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னான். அதையே எல்லோரிடமும் சொன்னான்.

அடக்கத்தன்று இஸ்திரி அக்கா அந்த வீட்டுக்குப் போனாள். போகாதே என்று மூத்தவள் கையைப் பிடித்து இழுத்தும் கேட்கவில்லை. வாசலில் நின்ற ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாரும் அவளைத் தடுக்கவில்லை, வழியும் விடவில்லை. உள்ளே யாரோ சொல்லியிருக்க வேண்டும். மருந்துக்கடைக்காரி எழுந்து வந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

"அக்கா, அவன் குடிச்சிருந்தானா?"

இஸ்திரி அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"சொல்லுங்கக்கா. எனக்குத் தெரியணும். குடிச்சிருந்தானா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மருந்துக்கடைக்காரி சற்று நேரம் காத்திருந்துவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது.

அந்தச் சனிக்கிழமை அவள் கோயிலுக்குப் போகவில்லை. அடுத்த சனிக்கிழமை போனாள், சுரூபத்துக்கு முன்னால் நிற்க முடியவில்லை. இத்தனை நாளும் அந்த முகத்தைத் தன் முகமாகவே நினைத்து வந்திருந்தாள். பிள்ளையால் துன்பப்படுகிற தாய், துன்பப்பட்ட தாயிடம் போய்ச் சொல்கிறாள், அவ்வளவுதான். இப்போது அந்த முகம் மருந்துக்கடைக்காரியின் முகம். சிலுவையடியில் இவளுக்கு இடமில்லை. பங்குத்தந்தை அவளைத் தூணுக்குப் பின்னால் பார்த்துவிட்டு அருகில் வந்து உட்கார்ந்தார்.

"மாதாகிட்ட பேசும்மா. நாம அவங்கள ஆராதிக்கறதில்ல, ஆராதனை கடவுளுக்கு மட்டும்தான். ஆனா நமக்காகப் பேசச் சொல்லி அவங்ககிட்ட கேக்கலாம். சிலுவையடியிலதான் மகன் அவங்கள எல்லாருக்கும் தாயா கொடுத்தாரு."

"எல்லாருக்குமா ஃபாதர்?"

"எல்லாருக்கும்தான்."

"ஆணி அடிச்சவனுக்கும்?"

"அவனுக்கும்."

"அவனப் பெத்தவ ஒருத்தி இருந்திருப்பா இல்ல? அவ அந்தக் கூட்டத்துல நின்னிருந்தா, மாதா அவளத் திரும்பிப் பாத்திருப்பாங்களா?"

"பாத்திருப்பாங்கன்னுதான் நான் நம்பறேன்."

"அவ நிமிந்து பாத்திருப்பாளா ஃபாதர்? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு?"

அவர் நல்ல மனிதர். தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசவில்லை. அவள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டு எழுந்து போனார்.

வழக்கு நடந்தது. மகனுக்காக வாதாடிய வக்கீல் ஒரு யோசனை சொன்னார். வேனை எடுக்கும்வரை மகன் வீட்டில்தான் இருந்தான், சாப்பிட்டான், தூங்கினான், குடிக்கவில்லை என்று பெற்ற தாய் சொன்னால் எடுபடும். வேன் பழசு, அது ஒரு பிடி. மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

சாட்சி சொல்ல வேண்டிய நாள் காலையில் மூத்தவள் வந்து அம்மாவுக்குத் தலை வாரிவிட்டாள். சின்ன வயதில் அவளுக்கு இவள் வாரிவிட்டது போல, வலிக்காமல்.

"செத்தவ திரும்பி வரப்போறதில்லம்மா. இருக்கறவனையாவது காப்பாத்து. ஒரே ஒரு வார்த்த."

"சொல்றேன்" என்றாள் அவள். சொல்லத்தான் போனாள். அதில் அவளுக்குத் தடுமாற்றமே இருக்கவில்லை. பொய்க்குத் தண்டனை உண்டென்றால் அதைத் தான் அனுபவித்துக்கொள்வதாகப் பேருந்தில் போகும்போதே முடிவு செய்துவிட்டாள்.

கூண்டில் ஏறினாள். முன்வரிசையில் மருந்துக்கடைக்காரி உட்கார்ந்திருந்தாள். கோபம்கூட இல்லாத கண்கள். வக்கீல் அவளிடம் பெயர், வேலை எல்லாம் கேட்டுவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்: "அன்னைக்கு உங்க மகன் குடிச்சிருந்தாரா?"

வாசலில் கேட்ட அதே கேள்வி. அன்று பதில் சொல்லாமல் நின்ற வாய் இன்று அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"குடிச்சிருந்தான்."

வக்கீலின் கை அந்தரத்தில் நின்றது. "அம்மா, கேள்விய சரியாப் புரிஞ்சுக்கிட்டு…"

"புரிஞ்சுதுங்க. என் கண்ணு முன்னாலதான் குடிச்சான்."

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். "அப்படின்னா வண்டி எடுக்க ஏன் விட்டீங்க?"

"சாவிய நான்தாங்க எடுத்துக் கொடுத்தேன்."

"ஏன்?"

மாதா பாத்துக்குவாங்கன்னு நெனச்சேன் எனச் சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. மாதாவைத் தன்னோடு கூண்டில் ஏற்ற அவளுக்கு மனம் வரவில்லை. "தெரியலைங்க" என்று மட்டும் சொன்னாள். மகன் அவளைப் பார்க்கவே இல்லை. எதிர்ச் சுவரையே வெறித்துக்கொண்டிருந்தான்.

வெளியே படிக்கட்டில் மருந்துக்கடைக்காரி அவளை நிறுத்தினாள். இஸ்திரி அக்காவுக்குள் ஏதோ ஒன்று எழுந்தது. நம்பிக்கை என்றுகூட அதைச் சொல்ல முடியாது, அதன் நிழல்.

"சாவிய நீயா கொடுத்த?"

அத்தனை வருஷப் பழக்கத்தில் அவள் ஒருமுறைகூட நீ என்று சொன்னதில்லை.

"நான்தாம்மா."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. எம்பொண்ணு உள்ள கெடந்தா. அவ காதுலயாவது விழுந்திருக்கும்."

அவ்வளவுதான். பிறகு அவள் பேசவே இல்லை, கடைசிவரை. கொஞ்ச காலத்தில் கடையை விற்றுவிட்டு ஊரை விட்டே போனாள்.

மகனுக்கு நீண்ட தண்டனை கிடைத்தது. மூத்தவள் அம்மா வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். பேரப்பிள்ளைகளைத் தெருவில் பார்த்தால் அவர்கள் சிரிப்பார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவள் சிரிக்கமாட்டாள். சிறையில் மகன் ஒரே ஒருமுறை அம்மாவைப் பார்க்கச் சம்மதித்தான். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் முகம் தெளிந்து, கண் வெளுத்து, பள்ளிக்கூடம் போன காலத்துச் சாயலோடு உட்கார்ந்திருந்தான்.

"இப்ப குடிக்கறதில்ல. சந்தோஷமா? நீ வேண்டிக்கிட்டது நடந்துபோச்சு இல்ல?"

"டேய், அப்படிப் பேசாதடா…"

"இனிமே வராத. எனக்கு அம்மா இல்லன்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

அதற்குப் பிறகும் அவள் போனாள். காவலர் உள்ளே போய்விட்டு வந்து இல்லையென்று தலையை ஆட்டுவார். கொண்டுபோன பழங்களைத் திருப்பிக் கொடுப்பார். அவருக்கே பாவமாக இருந்திருக்கும், ஒருநாள் உட்கார நாற்காலி போட்டார்.

கோயிலில் பீடத்துணி வேலையை வேறு பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். யாரும் அவளை விரட்டவில்லை. "நீங்க கொஞ்ச நாள் ஓய்வெடுங்கக்கா" என்றார்கள், அந்தக் கொஞ்ச நாள் முடியவில்லை. வெல்வெட்டின்மேல் யாரோ நேராக இஸ்திரியை வைத்துவிட்டார்கள். தோளுக்குக் கீழே அந்த இடம் பளபளவென்று வழுக்கை விழுந்திருந்தது. அவள் பார்த்தாள்.

வேலை முடிந்து வரும் வழியில் இப்போதும் உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்காருகிறாள். ஜெபமாலை உருட்டுகிறாள். ஆனால் ஜெபத்தின் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறாள். வாழ்க என்று மாதாவை வாழ்த்துகிற பாதி அது. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று கேட்கிற மறுபாதிக்கு வரும்போது உதடு மூடிக்கொள்கிறது. ஜெபமாலையின் அடுத்த மணிக்குப் போய்விடுகிறாள். மாதாவின்மேல் அவளுக்கு வருத்தம் எதுவும் இல்லை. கேட்க வாய் வரவில்லை, அவ்வளவுதான். இறந்த பெண்ணுக்காகவாவது வேண்டலாம் என்று ஒருமுறை தொடங்கிப் பார்த்தாள். அந்தப் பெயரைச் சொல்லத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று தோன்றியது. அதையும் விட்டுவிட்டாள்.

போன மழைக்காலத்தில் சிறைக்குப் போனபோது அங்கே புதுக் காவலர் இருந்தார். பட்டியலைப் பார்த்துவிட்டு, அவள் மகனை வேறு சிறைக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டாள்.

"வீட்டுக்குத் தகவல் போயிருக்குமேம்மா. யாருக்குச் சொல்லணும்னு அவர் கொடுத்திருக்காரோ அவங்களுக்கு."

"நான் அவனோட அம்மாங்க."

அவர் மறுபடி பட்டியலைப் பார்த்தார். "அம்மான்னு இதுல யாரும் இல்லம்மா" என்றார்.

குடையை விரித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். மூத்தவளுக்குத் தெரிந்திருக்கும். கேட்டால் சொல்லமாட்டாள். பேருந்து வந்தது. ஏறி, நனைந்த பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரமாக உட்கார்ந்தாள்.