ஐஸ் தொட்டியில் நண்டும் என் விரல்களும்

நண்டு கம்பெனி வேலைக்குப் படிப்பு கேட்க மாட்டார்கள். விரல் நுனியில் உணர்ச்சி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

நான் எட்டாவதோடு நின்றவள். பிள்ளைகள் இரண்டு பேரும் ஆளாகிவிட்டார்கள். மகன் சவுதியில், மகள் பர்வீன் அறந்தாங்கியில். மணமேல்குடிப் பக்கம் கடலோர ஷெட் ஒன்றில், வெந்த நண்டை உடைத்துச் சதை எடுக்கிற மேசையில் எனக்கு ஓர் இடம். சதைக்குள் ஓட்டுச் சில்லு கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது, வெள்ளையோடு வெள்ளையாக இருக்கும். விரல்தான் சொல்ல வேண்டும். மேசை என்றால் உட்கார்ந்த வேலை, காய்ந்த இடம். அங்கிட்டு ஐஸ் தொட்டி என்றால் நின்ற வேலை, நனைந்த இடம். தொட்டிக்கே மாறிப் போனவர்கள் மேசைக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. ஐஸிலும் சோப்புத் தண்ணீரிலும் கை ஊறிப்போன அக்கா தங்கச்சிகளே, மீதியை நான் சொல்லாமலே உங்களுக்குப் புரிந்திருக்கும். இருந்தாலும் சொல்கிறேன்.

உடம்பில்லாத கொடுக்கு

வேலைக்குச் சேர்ந்த புதிது. தரையில் ஒரு கொடுக்கு தனியாகக் கிடந்தது. நண்டைக் காணோம், கொடுக்கு மட்டும். குப்பையில் போடலாம் என்று எடுத்தேன். ‘லபக்’கென்று என் விரலைக் கவ்விக்கொண்டது. நான் போட்ட சத்தத்தில் ஷெட்டே திரும்பிப் பார்த்தது. பக்கத்து இடத்துக்காரி பாக்கியம்தான் இரண்டு கையாலும் பிடித்துப் பிரித்துவிட்டாள்.

பர்வீன் புதுக்கோட்டையில் விலங்கியல் படித்தவள். போனில் கேட்டேன். “கொடுக்கு கழண்டாலும் அதுக்குள்ள நரம்புக்குக் கொஞ்ச நேரம் உசுரு இருக்கும்மா. தொட்டா தசையை இழுத்துரும். மூளையைக் கேட்டுக்கிட்டு இருக்காது” என்றாள். அதை நான் சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கக் கூடாது. என் மகன் வயசுதான் அவருக்கு. மேசை பூராவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “பாத்துக்கங்க, தல இல்லாமயே வேலை பாக்குது. நீங்களும் அப்படிப் பாத்தாப் போதும், யோசிக்க வேணாம்.”

உள்ளே போன கண்

காலையில் வண்டி வந்ததும் மேசைக்காரிகளும் தொட்டிக்குப் போய்விட வேண்டும். உயிர் நண்டை ஐஸ் தண்ணீரில் அடுக்குகிற வேலை. உயிரில்லாததைக் கழிக்க வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. நண்டின் கண் ஒரு காம்பின் மேல் நிற்கும். அதன் ஓரத்தில் லேசாகத் தொட்டால் கண் அப்படியே மடங்கிக் குழிக்குள் போய்விடும். போனால் உயிர் இருக்கிறது, போகாவிட்டால் கழிவு.

கடல் பிராணிக்கு அறுப்பும் ஓதலும் தேவையில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கண் உள்ளே போவதைப் பார்த்தபின் ‘பிஸ்மி’ சொல்லாமல் ஐஸில் வைக்க மனசு வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் சொல்லிச் சொல்லி நான் மட்டும் பிந்தினேன். ஒரு நாள் காய்ச்சல் வேறு. அரை நாள் விடச் சொல்லிக் கேட்டேன். சூப்பர்வைசர் கேட்காதது போலப் போய்விட்டார். பாக்கியம் என் பக்கம் சாய்ந்து, “ஜொகராக்கா, லீவுன்னு தொட்டதும் அந்த ஆளு கண்ணு எப்புடி உள்ள போச்சு பாத்தீங்களா? உசுரு இருக்கு, தொட்டியில அடுக்கிருவோமா?” என்றாள்.

கறுப்புக் கோடு

ஷெட்டு வாசலில் எறால் சில்லறை விற்பனையும் உண்டு. காரில் வந்த ஓர் அம்மா, “நரம்பை எடுத்துட்டுக் குடுங்க” என்றார். நானும் பல காலமாக அதை நரம்பு என்றுதான் நம்பி உருவிக்கொண்டிருந்தேன். பர்வீன்தான் ஒரு நாள் சிரித்துக்கொண்டே திருத்தினாள்: முதுகில் ஓடுகிற கறுப்பு, குடல். நரம்பு வயிற்றுப் பக்கம் ஓடுகிறதாம், முடிச்சுப் போட்ட நூல் மாதிரி, ஒவ்வொரு கண்டத்துக்கும் ஒரு முடிச்சு. அதனால்தான் தலையைக் கிள்ளிய பிறகும் வால் துடிக்கிறது.

அன்றைக்கும் என் கையில் வால் துடித்தது. எனக்குப் பொறுக்கவில்லை. “கொஞ்சம் இருங்கம்மா, அடங்கட்டும். நரம்பு இன்னும் உள்ளதான் இருக்கு” என்றேன். அவர் கார் சாவியை ஆட்டிக்கொண்டே சொன்னார்: “இருந்தா இருந்துட்டுப் போகுது, வலிக்கப் போறது எனக்கா?”

ஐஸ் எதற்கு

உயிர் நண்டை நேரே கொதிநீரில் போட்டால் அது காலையெல்லாம் உதறிவிடும். வெட்ட வேண்டாம், அடிக்க வேண்டாம். சுடுகிற சேதி போனதும் அடியிலிருந்தே கழற்றி எறிந்துவிடும். கால் போன நண்டுக்கு மதிப்பில்லை. அதனால் முதலில் ஐஸ். குளிரில் நரம்பு மந்தித்துவிடும். சேதியும் போகாது, கட்டளையும் வராது. வெந்தபின் மறுபடி ஐஸில் ஆற்றித்தான் மேசைக்கு வரும். இரண்டு ஐஸுக்கும் எங்கள் கைதான்.

எனக்கு முதலில் தெரிந்தது தொழுகையில். உட்கார்ந்து அத்தஹிய்யாத் ஓதும்போது, தூக்க வேண்டிய இடத்தில் ஆள்காட்டி விரலைத் தூக்கினேன். தூக்கினேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. குனிந்து பார்த்தால் விரல் நிற்கிறது. வேறு யாருடைய விரலோ போல. பர்வீனிடம் சொன்னேன். “கட்டளை போகுதும்மா. சேதிதான் திரும்பி வரல” என்றாள். பிறகு அழுதாள். மறுநாள் சூப்பர்வைசரிடம் நல்ல கையுறை கேட்டேன். “தடியா உறை போட்டா சில்லு தெரியாதும்மா. வெறுங்கைதான் இந்தக் கம்பெனிக்கு மெஷினு” என்றார்.

கண்ணை மூடுங்க

பாக்கியம் பிடிவாதமாகப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் சின்னப் பெண், பொறுமையானவர். “கண்ணை மூடிக்கங்கம்மா. எந்த விரலைத் தொடுறேன்னு சொல்லணும்” என்றார். எனக்குப் பயம் வந்துவிட்டது. உணர்ச்சி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் மேசையில் என் இடம் போய்விடுமே. யா அல்லாஹ், நீயே சொல்லிக் கொடு என்று மனசுக்குள் துஆ செய்துகொண்டு, “சுண்டு விரல்” என்றேன்.

பாக்கியம் மூச்சை இழுப்பது கேட்டது. டாக்டர் மெதுவாகச் சொன்னார்: “இன்னும் நான் தொடவே இல்லையேம்மா.”

திரும்பி வந்த தட்டு

கையை ஐஸில் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? மேசையை விடக் கூடாது என்று ஒரே பிடியாக இருந்தேன். யாரும் பார்க்காதபோது சதையை மணிக்கட்டின் உள்பக்கத்தில் தேய்த்துப் பார்ப்பேன், அங்கே இன்னும் கொஞ்சம் தெரிந்தது. பாக்கியம் தன் தட்டை முடித்துவிட்டு, பேச்சுக் கொடுப்பது போல என் தட்டையும் ஒரு தடவை துழாவிவிடுவாள்.

பாக்கியம் தன் மகள் வீட்டு விசேஷத்துக்குப் போன அன்று, தரம் பார்க்கிற இடத்திலிருந்து என் தட்டு திரும்பி வந்தது. சூப்பர்வைசர் சதையைப் பிதுக்கி ஒரு சில்லை எடுத்து, என் ஆள்காட்டி விரல் நுனியில் வைத்து அழுத்தினார். “தெரியுதா?” நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரலில் ரத்தம் வந்த பிறகுதான் இரண்டு பேருமே கீழே பார்த்தோம். அவர் முகம் சுண்டிப்போனது. மன்னிப்புக் கேட்பார் என்றுகூட நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டார். நாளையிலிருந்து தொட்டிக்குப் போகச் சொன்னார். நாள் முழுக்க ஐஸில்.

“தம்பி, டாக்டரு ஐஸே ஆகாதுங்குறாங்க. நான் எப்படித் தாங்குவேன்?” என்றேன். என் மகன் பேசுகிற அதே பதமான குரலில், எனக்கு நல்லது செய்கிறவர் போலவே சொன்னார்: “ஒங்களுக்கு என்னம்மா கஷ்டம்? ஒங்களுக்குத்தான் குளிரே தெரியாதே!”

உணர்ச்சியைத் திருப்பிக் கொடு என்று ஒவ்வொரு தொழுகையிலும் தொட்டிக்காரி நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், கொடுத்தால் முதலில் தெரியப்போவது அந்த ஐஸ்தான் என்று தெரிந்தே.