சரிகை கலந்த கட்டு

ஆரணியில் ஆட்டோ எலெக்ட்ரீஷியன்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒயர்களைச் சேர்த்துக் கட்டப் பட்டு நூலை எடுக்கிறவன், என் பஞ்சர் கடைக்கு அடுத்த கடை எல்லப்பன் ஒருவன்தான். டேப் சுற்றினால் வெயிலில் பிசினாகிவிடும், பட்டு அப்படியே நிற்கும் என்பான். வீட்டில் தறி ஓடுகிறது. மிச்சமாகும் நூலை மனைவி பானுப்ரியா சேர்த்துக் கொடுப்பாள். தறியில் பாவு நூல் பிணைத்துப் பழகிய விரல் என்பதால் முடிச்சு அத்தனை அழகாக விழும். அதில் ஆளுக்குத் தலைக்கனமும் உண்டு. வேறு யாராவது கை வைத்த வண்டி வந்தால், "எந்த மகராசன் கட்டினது இது?" என்று கேட்காமல் தொடமாட்டான்.

அன்று மதியம் பட்டு வியாபாரி சக்கரவர்த்தி தன் பழைய காரோடு வந்து இறங்கினார். முந்தின நாள்தான் எல்லப்பன் அதன் டேஷ்போர்டைப் பிரித்துச் சரிசெய்து கொடுத்திருந்தான்.

"இன்னாப்பா இது? இண்டிகேட்டர் போட்டா டெம்பரேச்சர் முள்ளு செவப்புக்கு எகிறுது. பிரேக்க மிதிச்சா பெட்ரோல் முள்ளு படுத்துக்குது. பியூஸ் மாத்தி மாத்தி பேஜாராப் போச்சு. நீ கை வெச்ச பொறவுதான் எல்லாம்!"

"நான் கட்டின கட்டுல கோளாறு வராதுங்க. பாட்டு செட்டு மாட்டினானே ஒருத்தன், அவன் வேலையா இருக்கும்."

முதலில் எர்த் போல்ட்டைக் கழற்றித் துரு சுரண்டி மாட்டினான். முள் மறுபடியும் ஆடியது. பாட்டு செட்டின் ஒயர்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, புது பியூஸ் வைத்துச் சாவியைத் திருப்பினான். பட்டென்று பியூஸ் போனது. இந்த முறை கருகல் வாசனையும் வந்தது. சக்கரவர்த்தி தலையில் அடித்துக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

எல்லப்பன் மீட்டரை வெளியே இழுத்து, பின்பக்கம் டார்ச் அடித்தான். குனிந்தவன் நிமிரவே இல்லை. டயரை அப்படியே போட்டுவிட்டு நான் எட்டிப் பார்த்தேன்.

அவன் கட்டிய கட்டில், அரக்கு நிறப் பட்டுக்கு நடுவே மஞ்சளாக ஏதோ மின்னியது. சரிகை. பட்டில் கரண்ட் ஓடாது. சரிகையில் இருப்பது வெள்ளியும் செம்பும். அதில் நன்றாக ஓடும். பழைய ஒயர்களின் மேலுறை வறண்டு வெடித்திருந்தது. இறுக்கிக் கட்டிய சரிகை அந்த வெடிப்பில் இறங்கி, ஒரு ஒயரை இன்னொன்றோடு சேர்த்துவிட்டிருந்தது. பானுப்ரியா கொடுத்த நூல்கண்டில் சரிகையும் கலந்திருக்கிறது. முடிச்சின் அழகைப் பார்த்தவன் நூலைப் பார்க்கவில்லை.

கத்தரி கையிலேயே இருந்தது. வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு பாட்டு செட்டுக்காரன் மேல் பழியைப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? நான்கூட அதைத்தான் செய்வான் என்று நினைத்தேன். ஆனால் அவன் முகம் செத்துப்போயிருந்தது.

"முருகேசன் அண்ணன் வேனுக்கும் இதே கண்டுதான் கட்டினேன். காலைல எட்த்துகினு போய்ட்டாரு."

முருகேசன் செய்யாறு கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகிறவர். பியூஸ் அடிக்கடி போகிறதென்று அந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருக்கும் மகானுபாவர் அவர். அதில் பியூஸ் போகாது, ஒயர்தான் எரியும். மதிய ஷிப்டுக்கு வேன் அந்நேரம் ரோட்டில் இருக்கும்.

எல்லப்பன் போன் போட்டான். மணி அடித்து அடித்து நின்றது. ஓட்டும்போது போனைத் தொடமாட்டார் முருகேசன். அந்த நல்ல பழக்கம் அன்றைக்கு எமனாக வந்து நின்றது. உடனே பானுப்ரியாவைக் கூப்பிட்டான். "இளமதி நம்பர் குடு, ஜல்தி!" இளமதி அவர்கள் தெருப் பெண், அதே வேனில் வேலைக்குப் போகிறவள். அவள் எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டான்.

"இளமதி, அண்ணன வண்டிய ஓரங்கட்டச் சொல்லு. எல்லாரும் கீழ எறங்குங்க."

"ஏண்ணா? ஷிப்டுக்கு லேட்டாய்டும், கத்துவாங்க."

சக்கரவர்த்தி டீ கிளாசோடு பக்கத்தில் வந்து நின்றிருந்தார். எல்லப்பன் அவரை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

"நான் கட்டின கட்டு தப்பும்மா! உள்ள நெருப்புப் புடிக்கும். எறங்குங்க!"

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். "பொகை, பொகை" என்று யாரோ அலறியதும் போன் கட்டானது. மறுபடி போட்டால் எடுக்க ஆளில்லை.

அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு என் பைக்கைச் செய்யாறு பக்கம் விரட்டினேன். வழி நெடுக எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

பெரணமல்லூர் தாண்டி ரோட்டோரம் வேன் நின்றிருந்தது. புளியமரத்தடியில் சாப்பாட்டுப் பைகளோடு பெண்கள் நின்றிருந்தார்கள். இளமதி கையாட்டினாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முருகேசன் பேட்டரி ஒயரைப் பிடுங்கிப் போட்டிருந்தார். டேஷ்போர்டு ஒரு பக்கம் உருகித் தொங்கியது.

எல்லப்பன் இறங்கி நேராக அவரிடம் போனான். விட்டாரே ஓர் அறை, மரத்திலிருந்த காக்கை பறந்தது.

"பொம்பளப் புள்ளைங்கடா உள்ள!"

"தப்பு என்னுதுதாண்ணா."

"தெரியும். நீ போன்ல கத்தினது வண்டி பூரா கேட்டுச்சு." முருகேசனுக்கு மூச்சு வாங்கியது. "கட்டினவனே அவுத்து எடு. வா."

எல்லப்பன் கத்தரியோடு டேஷ்போர்டுக்கு அடியில் புகுந்தான். முதல் கட்டை அறுத்ததும், முடிச்சை விட்டுவிட்டு நூலைப் பிரித்துப் பார்த்தான். முருகேசன் பக்கத்தில் குந்தி, அசையாமல் டார்ச் பிடித்தார்.